முகத்தை மறைத்தால் போதுமா? வார்டு ரீல்ஸும் மருத்துவ மாணவர்களும்

2024 பிப்ரவரியில் கர்நாடகத்தின் கதக் அரசு மருத்துவக் கல்லூரியில் 38 மாணவர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் பாட்டுக்கு ஆடி ரீல்ஸ் எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. படிப்பு முடிகிற நேரம், விழாவுக்காக எடுத்தோம் என்பது மாணவர்களின் பதில். நிர்வாகம் அவர்களுடைய ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை 10 நாள் நீட்டியது. அதே மாதம், அதே மாநிலத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் அரசு மருத்துவமனை ஒப்பந்த மருத்துவர் ஒருவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் திருமணத்துக்கு முந்தைய போட்டோஷூட் நடத்தி வேலையை இழந்தார். அந்த வீடியோவில் நோயாளியாகப் படுத்திருந்தவர் கடைசியில் எழுந்து உட்காருகிறார். அறுவை சிகிச்சையும் நடிப்பு, நோயாளியும் நடிப்பு.

இரண்டு சம்பவங்களுக்கும் பிறகு மாணவர்களிடையே சுற்றிய கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். யாருடைய முகமும் தெரியவில்லையே, அப்புறம் என்ன தப்பு? அக்கவுண்டைப் பிரைவேட்டாக வைத்திருந்தால்? சந்தேகம் கேட்டு சீனியருக்கு வாட்ஸாப்பில் எக்ஸ்ரே அனுப்புவதும் இதில் வருமா? எம்.பி.பி.எஸ்., நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் என எந்தப் படிப்பாக இருந்தாலும், நோயாளியின் அருகில் நிற்கிற எல்லா மாணவர்களுக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும்.

மூன்று தனித்தனி விஷயங்கள்

கல்லூரி சுற்றறிக்கைகள் "சமூக ஊடக ஒழுக்கம்" என்ற ஒரே தலைப்பில் மூன்று விஷயங்களைக் கலந்துவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

1. நோயாளியின் ரகசியம். இது நோயாளியின் உரிமை. மாணவருக்கோ கல்லூரிக்கோ இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

2. தொழில்முறைப் பிம்பம். நாளைக்கு நோயாளியாக வரப்போகிறவர், தேர்வாளர், வேலை கொடுப்பவர் ஆகியோர் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பது. இதில் ஒரு பகுதி நியாயம், ஒரு பகுதி வெறும் ரசனை.

3. மாணவரின் சொந்தத் தனியுரிமை. உங்கள் போன் நம்பர், விடுதி, டியூட்டி நேரம், குடும்பம். இதைப் பற்றிக் கல்லூரிகள் பேசுவதே குறைவு.

சித்ரதுர்கா சம்பவத்தில் உண்மையான நோயாளியே இல்லை, அதனால் முதல் விஷயம் மீறப்படவில்லை. அரசு ஆபரேஷன் தியேட்டரை ஸ்டூடியோவாக்கியதுதான் அங்கே பிரச்சினை. மாறாக, யாருமே ஆடாத, பாடாத, பார்க்க மிகவும் "டீசன்ட்"டான ஒரு எக்ஸ்ரே ஸ்டோரியில் நோயாளியின் ரகசியம் முழுசாக வெளியே போகலாம். ஆட்டத்துக்குக் கிடைக்கிற தண்டனை இந்த எக்ஸ்ரேவுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அது தலைகீழ் நியாயம்.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள்தான் இன்றும் அடிப்படை. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய விதிமுறைகளை வெளியிட்டது. மருத்துவர்களின் சமூக ஊடகப் பயன்பாட்டுக்கு அதில் தனி வழிகாட்டுதலே இருந்தது: நோயாளிகளின் படங்களையும் ஸ்கேன்களையும் பதிவிடாதீர்கள், பொதுத்தளத்தில் ஒரு நோயாளியின் சிகிச்சையைப் பற்றிப் பேசாதீர்கள், காசு கொடுத்து லைக் வாங்காதீர்கள் என்பது போல. ஆனால் ஜெனரிக் பெயரில்தான் (கம்பெனி பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில்) மருந்து எழுத வேண்டும் என்ற விதியை எதிர்த்துப் பெரும் சத்தம் எழ, ஆகஸ்ட் 23 அன்று மொத்த விதிமுறையும் நிறுத்திவைக்கப்பட்டது. மருந்துச் சீட்டுச் சண்டையில் சமூக ஊடக விதியும் சேர்ந்து கிடப்பில் போனது.

2002 விதிமுறைகளில் இரண்டு பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. பிரிவு 7.14: தொழில் செய்யும்போது தெரியவந்த நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள் ஆகியவை மட்டும் விதிவிலக்கு.

2. பிரிவு 7.17: நோயாளியின் அனுமதி இல்லாமல், அவர் யாரென்று தெரியும்படி, படத்தையோ நோய் விவரத்தையோ இதழ்களில் வெளியிடக் கூடாது. அடையாளம் வெளிப்படாது என்றால் சம்மதம் தேவையில்லை.

"முகம் தெரியலைன்னா போடலாம்" என்று விடுதிகளில் சொல்லப்படுவதற்கு வேர் இந்த 7.17-இன் கடைசி வரிதான். ஆனால் அந்தப் பிரிவு முகத்தைப் பற்றிப் பேசவே இல்லை, அடையாளத்தைப் பற்றிப் பேசுகிறது. அதுவும் ஆசிரியர் குழு படித்துப் பார்த்து அச்சிடுகிற இதழ்களை மனதில் வைத்து எழுதியது. இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் போடும் ஸ்டோரிக்கு அதைக் கேடயமாகப் பிடிக்க முடியாது.

இன்னொரு சந்தேகம்: இந்த விதிமுறைகள் பதிவுபெற்ற மருத்துவர்களுக்குத்தானே, மாணவருக்கு எப்படிப் பொருந்தும்? ஹவுஸ் சர்ஜன் மாநில மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு பெற்றவர். அதற்குக் கீழே உள்ள மாணவர்களை இந்த விதிகள் நேரடியாகத் தொடுவதில்லை, அவர்களைத் தொடுவது கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கை. ஆனால் சில சட்டங்கள், போடுகிறவர் டாக்டரா மாணவரா என்று பார்ப்பதே இல்லை.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டபோது அவருடைய பெயரும் படமும் நாடெங்கும் பரவின. அவற்றை எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்கும்படி உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 20 அன்று உத்தரவிட்டது. நீதி கேட்டுப் பகிர்ந்தேன் என்பது அங்கே பதிலாகாது. எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதற்கும், மனநல மையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தை ஊடகத்துக்குத் தருவதற்கும் 2017இன் இரண்டு தனிச் சட்டங்கள் தடை போடுகின்றன. ஸ்கேன் அறையிலிருந்து "குட்டி இளவரசி வர்றா" என்று ஒரு ஸ்டோரி போட்டால், கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்கிற 1994ஆம் ஆண்டுச் சட்டம் வந்து நிற்கும்.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் குறிவைப்பது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. மருத்துவமனைகளைப் பாதிக்கும் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. சொந்த, வீட்டு உபயோகத்துக்கான தரவுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் வார்டில் எடுத்த படத்தைப் பல நூறு பேர் பார்க்கும்படி போட்டுவிட்டு அதை வீட்டு உபயோகம் என்று வாதாடுவது சிரமம். இவ்வளவு பெரிய அபராதம் தலைக்கு மேல் தொங்கும்போது மருத்துவமனைகள் மாணவர்களின் போன் மீது கெடுபிடியை அதிகமாக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

ஒரு எக்ஸ்ரேவை உற்றுப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ் சர்ஜன். ராத்திரி டியூட்டி. நாலு வயதுப் பையன் ஒரு ரூபாய்க் காசை விழுங்கிவிட்டு வருகிறான். எக்ஸ்ரேயில் உணவுக் குழாயில் வெள்ளை வட்டமாகக் காசு தெரிகிறது. மூலையில் இருந்த பெயரை விரலால் மறைத்து ஒரு படம் எடுத்து, "நைட் டியூட்டியில் ஒரு ரூபாய் வருமானம்" என்று ஸ்டோரி. முகம் இல்லை, பெயர் இல்லை. யாருக்கு என்ன தெரிந்துவிடும்?

1. இடம் தெரியும். அக்கவுண்டின் பயோவிலேயே கல்லூரிப் பெயரும் பேட்ச் ஆண்டும் இருக்கிறது.

2. நேரம் தெரியும். ஸ்டோரி போட்ட நேரமே போதும்.

3. நிகழ்வு அபூர்வமானது. அந்த ஊரில் அன்றைய ராத்திரி காசு விழுங்கிய பையன் அநேகமாக ஒருவன்தான். அவனுடைய அத்தையோ, பள்ளி ஆசிரியையோ பார்த்தால் யோசிக்கவே வேண்டாம். பெயர் தெரியாத ஊராருக்குத் தெரியாமல் போகலாம், ஆனால் பெற்றோரின் கவலையெல்லாம் தெரிந்தவர்களைப் பற்றித்தான்.

4. விரலுக்குக் கீழே தெரியும். பெயரை மறைத்த விரல் ஓ.பி. எண்ணையும் தேதியையும் மறைத்திருக்காது. அந்த எண் இருந்தால் மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்க்க முடிகிற யாரும் வீட்டு முகவரி வரை போய்விடலாம்.

5. படத்துக்குள் படம். எக்ஸ்ரேயை மாட்டிப் பார்க்கும் பளபளக்கும் விளக்குப் பெட்டியான வியூ பாக்ஸில் பின்னால் நிற்கும் அம்மாவின் பிம்பம் விழுந்திருக்கலாம். பக்கத்து மேஜையில் வேறொருவரின் கேஸ் ஷீட் திறந்து கிடக்கலாம்.

6. கோப்புக்குள் ஒளிந்த தகவல். கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் படம் எடுத்த இடமும் நேரமும் கோப்பிலேயே பதியும். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இவை கழன்றுவிடும். தரம் குறையக் கூடாது என்று டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும்.

அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்தின்படி ஒரு மருத்துவத் தகவலை அடையாளம் நீக்கப்பட்டது என்று சொல்ல ஒரு வழி, 18 வகை விவரங்களை எடுத்துவிடுவது. ஆண்டைத் தவிர எல்லாத் தேதிகளும், மாநிலத்தைவிடச் சிறிய எல்லா இடப்பெயர்களும் பெரும்பாலும் அதில் அடக்கம். முகம் அந்த 18இல் ஒன்று மட்டுமே. இந்தியாவில் இது சட்டமில்லை. ஆனாலும் போஸ்ட் பண்ணும் முன் சரிபார்க்க இதைவிட நல்ல பட்டியல் கிடைப்பது கஷ்டம்.

மறைப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. போனில் இருக்கும் ஹைலைட்டரை வைத்து கறுப்பாகத் தீட்டினால் அது முழுக் கறுப்பாக இருப்பதில்லை. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எழுத்து எட்டிப் பார்க்கும். 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் போன்களின் ஸ்க்ரீன்ஷாட் எடிட்டரில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது: வெட்டி எறிந்ததாக நினைத்த பகுதியைக் கோப்பிலிருந்து மீட்க முடிந்தது. ஓட்டையை அடைத்துவிட்டார்கள், ஆனால் அதற்கு முன்னால் வெட்டிப் பகிர்ந்த படங்கள் இன்னும் எங்கெங்கோ கிடக்கின்றன.

இன்ஸ்டாகிராமைவிட வாட்ஸாப் குழு

நிர்வாகங்களின் கண் ரீல்ஸ் மீது. நோயாளியின் ரகசியம் தினமும் கசிவது பெரும்பாலும் யூனிட் வாட்ஸாப் குழு வழியாகத்தான். இதை மாணவர்கள் தலையில் மட்டும் போட முடியாது. ரவுண்ட்ஸுக்கு வர முடியாத பேராசிரியர் "ஈ.சி.ஜி.யை குரூப்ல போடு" என்கிறார், ஹவுஸ் சர்ஜன் போடுகிறார். ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு வலியோடு வந்தவருக்கு அந்த ஒரு படம் உயிரைக் காப்பாற்றவும் செய்யும். வாட்ஸாப்பே கூடாது என்கிற சுற்றறிக்கைகள் இந்த நிலவரம் தெரியாமல் எழுதப்பட்டவை.

சிக்கல் அனுப்புவதில் இல்லை, அனுப்பிய பிறகு படம் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. குழுவில் 40 பேர் என்றால், அமைப்பை மாற்றாதவர்களின் போன் கேலரியில் எல்லாம் படம் தானாக இறங்கும். கேலரி கூகுள் போட்டோஸில் ஏறினால், அங்கிருந்து அம்மாவின் டேப்லெட்டுக்கும் வீட்டு டி.வி.யின் ஸ்லைடுஷோவுக்கும் வரலாம். அந்த யூனிட்டில் போஸ்டிங் (பயிற்சிக் காலம்) முடிந்து போன பழைய பேட்ச்காரர்களும் பல குழுக்களில் இன்னும் இருப்பார்கள். செய்தி, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டுப் போகிறது என்பது உண்மைதான். ஆனால் கூகுள் டிரைவில் ஏறும் பேக்கப்புக்கு அந்தப் பூட்டைத் தனியாக ஆன் செய்ய வேண்டும்.

இதற்குச் செய்ய முடிந்தவை கொஞ்சம்தான், ஆனால் பலன் உண்டு. படம் கேலரியில் தெரியாமல் இருக்க, குழு அமைப்பில் மீடியா விசிபிலிட்டியை அணைப்பது. பெயருக்குப் பதில் வயது, பாலினம் மட்டும் குறிப்பிடுவது. குழுவில் மறையும் செய்திகளை ஆன் செய்வது. போஸ்டிங் முடிந்ததும் வெளியேறுவது. கடைசியாக ஒன்று: அந்தப் படம் முடிவெடுக்க வேண்டியவருக்கு மட்டும் போனால் போதாதா என்று கேட்டுக்கொள்வது. 40 பேர் பார்ப்பதால் அந்த நோயாளிக்கு எந்த லாபமும் இல்லை.

"கேட்டேன், சரின்னாங்க"

சம்மதம் வாங்கிவிட்டேன் என்பது அடுத்த வாதம். அரசு மருத்துவமனையில் தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிற ஒருவரிடம், வெள்ளைக் கோட்டில் நிற்கும் ஒருவர் "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டால் மறுக்க எத்தனை பேரால் முடியும்? மறுத்தால் வைத்தியம் குறைந்துவிடுமோ என்ற பயம் அந்தச் "சரி"க்குள் இருக்கிறது. பாடத்துக்காகக் கொடுத்த சம்மதம் இன்ஸ்டாகிராமுக்குச் செல்லாது. மயக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவே முடியாது. குழந்தைக்காகப் பெற்றோர் சொல்லும் சம்மதத்தை அந்தக் குழந்தை 15 வருடம் கழித்து எப்படிப் பார்க்கும் என்றும் யோசிக்க வேண்டும்.

நோயாளியே விரும்பினாலும் எல்லாம் சரியாகிவிடாது. 2024இல் சென்னையில் பிரபல யூடியூபர் ஒருவர் மனைவியின் பிரசவத்தின்போது ஆபரேஷன் தியேட்டருக்குள் தானே தொப்புள்கொடியை வெட்டி வீடியோ வெளியிட்டார். குடும்பத்தார் விரும்பித்தான் எடுத்தார்கள். ஆனாலும் மருத்துவமனைக்கு 50,000 ரூபாய் அபராதமும் 10 நாள் தடையும் விதித்தது சுகாதாரத் துறை. தியேட்டருக்குள் யார் எதைச் செய்யலாம் என்பது நோயாளியின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததல்ல.

"டாக்டருக்கு இது அழகா?"

இனி இரண்டாவது விஷயம், பிம்பம். இதில் விதி என்று சொல்லப்படுவதில் பாதி, சொல்பவரின் ரசனை.

2020 ஜூலையில் நடந்ததைப் பார்க்கலாம். அமெரிக்காவின் ரத்தநாள அறுவை சிகிச்சை இதழ் ஒன்றில் ஒரு ஆய்வுக் கட்டுரை. இளம் மருத்துவர்களின் சமூக ஊடகக் கணக்குகளை, இதற்கென்றே உருவாக்கிய கணக்குகள் வழியாகப் பார்த்து, எவை "தொழிலுக்குப் பொருந்தாதவை" என்று பட்டியலிட்டிருந்தார்கள். நோயாளி ரகசியத்தை மீறியவையும் அதில் இருந்தன, நீச்சலுடைப் படங்களும் இருந்தன. கையில் மதுக் கோப்பை, கருக்கலைப்பு பற்றிய கருத்து, துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய கருத்து எல்லாமே அந்தப் பட்டியலில். பெண் மருத்துவர்கள் உலகெங்கும் தங்கள் கடற்கரைப் படங்களைப் போட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

கான்சஸ் மாநிலத்தின் ஜான்சன் கவுண்டி சமூகக் கல்லூரியில் 2010இல் நடந்தது வேறு மாதிரி. நர்சிங் மாணவிகள் சிலர் வகுப்புக்காகப் பார்த்த நஞ்சுக்கொடியோடு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். கல்லூரி அவர்களை நீக்கியது. ஒரு மாணவி வழக்குப் போட்டார். நோயாளியை அடையாளம் காட்ட அந்தப் படத்தில் எதுவுமே இல்லை, மாணவிக்கு முறையான விசாரணையும் தரப்படவில்லை. 2011 ஜனவரியில் நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தப் படத்தைப் போட்டது புத்திசாலித்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ரசனைக் குறைவுக்கும் ரகசிய மீறலுக்கும் ஒரே தண்டனை கூடாது.

நம் ஊரில் இந்தக் கேள்வி பெண்கள் மீதுதான் கூடுதலாக வந்து விழுகிறது. கல்லூரி ஆண்டு விழா நடனத்துக்கு மாணவியிடம் "டாக்டருக்கு இது அழகா?" என்று கேட்பவர்கள், நோயாளியைக் கிண்டல் செய்து மாணவர் போடும் மீமைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். தொழிலைக் கெடுப்பது இரண்டாவதுதான். "இன்னைக்கு ஓ.பி.யில ஒரு கேஸு" என்று தொடங்கி ஒரு சாதியை, ஊரை, படிப்பறிவில்லாதவரைக் கேலி செய்யும் பதிவில் பெயர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதைப் படிக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் நாளைக்கு நம்மையும் இப்படித்தான் பேசுவார்கள் என்று தோன்றும். அப்புறம் அவர் குடிப்பழக்கத்தையோ கருக்கலைப்பையோ மறைப்பார், சிகிச்சை தவறிப் போகும்.

முழுசாகத் தெரியாமல் மருத்துவ ஆலோசனை சொல்வதும் இங்கேதான் வரும். இரண்டாம் வருட மாணவர் வெள்ளைக் கோட்டோடு வீடியோவில் வந்து மாத்திரை பெயர் சொன்னால், பார்ப்பவருக்கு அவர் டாக்டர்தான். "மாணவர்" என்று பயோவில் எழுதியிருப்பது ஃபார்வர்டு ஆன வீடியோவில் வராது.

உங்கள் பக்கம் இருக்கும் கதவு

மூன்றாவது விஷயம், உங்கள் தனியுரிமை. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்ததும் சொல்கிறேன் என்று நோயாளியின் உறவினரிடம் சொந்த நம்பரைக் கொடுப்பது வார்டுகளில் சகஜம். அந்த நிமிடமே உங்கள் வாட்ஸாப் படம் அவருக்குத் தெரியலாம். அவர் நம்பரை நீங்களும் சேமித்தால் ஸ்டேட்டஸும் தெரியலாம். அவர் போன் கான்டாக்ட்டுகளை இன்ஸ்டாகிராமோடு இணைத்திருந்தால் உங்கள் கணக்கு அவருக்குப் பரிந்துரையாக வரலாம். சிகிச்சையில் ஏதாவது தவறாகி, வார்டில் ஆத்திரமான கூட்டம் கூடும் நாளில் இது சின்ன விஷயம் இல்லை.

1. வேலைக்குத் தனி சிம், முடியாவிட்டால் வார்டு போன் நம்பரைக் கொடுங்கள்.

2. வாட்ஸாப்பில் படம், ஸ்டேட்டஸ், கடைசியாகப் பார்த்த நேரம் மூன்றையும் உங்கள் கான்டாக்ட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். நோயாளியின் உறவினர் நம்பரைக் கான்டாக்ட்டில் சேமித்தால் "மை கான்டாக்ட்ஸ்" அமைப்பில் அவரும் வந்துவிடுவார்.

3. டெலிகிராமில் நீட் பி.ஜி. குழுக்களில் சேரும் முன் போன் நம்பரை யாருக்கும் காட்டாதபடி வையுங்கள்.

4. விடுதி வாசல், டியூட்டி ரோஸ்டர், ஐ.டி. கார்டு தெரியும் படங்களை எடுத்துவிடுங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு எந்தப் பாதையில் திரும்புவீர்கள் என்பதை ரோஸ்டர் சொல்லிவிடும்.

5. நோயாளி ஃபாலோ ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஏற்காமல் விடலாம். நேரில் கேட்டால், கல்லூரி விதி அனுமதிக்காது என்று சொல்வது இருவருக்கும் சங்கடம் இல்லாத பதில்.

பிரைவேட் அக்கவுண்ட் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டோரியை யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் இன்ஸ்டாகிராம் உங்களுக்குச் சொல்வதில்லை. க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ் பட்டியலில் 60 பேர் இருந்தால் 60 பேரும் எடுக்கலாம். சொந்தப் படங்களுக்கு இந்தப் பூட்டு ஓரளவு போதும், நோயாளி விஷயத்துக்குப் போதாது.

ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால்

முதலில் நீக்குங்கள், ஆனால் நீக்கியதோடு முடிந்தது என்று இருக்காதீர்கள். என்ன போட்டீர்கள், எப்போது, எத்தனை பேர் பார்த்திருக்கலாம் என்று உங்கள் நினைவுக்கு எழுதி வைத்துக்கொண்டு, யூனிட் தலைவரிடமோ மேற்பார்வையாளரிடமோ நீங்களே சொல்லுங்கள். வேறொருவர் ஸ்க்ரீன்ஷாட்டோடு டீன் அறைக்குப் போன பிறகு சொல்வதற்கும் இதற்கும் நடவடிக்கையில் பெரிய வித்தியாசம் இருக்கும். குழுவில் போனது என்றால் "அனைவருக்கும் நீக்கு" வசதி சுமார் இரண்டு நாள்தான் வேலை செய்யும், அதற்குள் செய்துவிடுங்கள். பகிர்ந்தவர்களையும் நீக்கச் சொல்லுங்கள்.

பொதுவெளியில் நீளமாக மன்னிப்புப் பதிவு போடாதீர்கள். "அந்த வார்டு 6 நோயாளியின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று எழுதினால், அதுவரை கவனிக்காதவர்களும் அது யாரென்று தேடத் தொடங்குவார்கள். மன்னிப்பு நோயாளிக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அதை நேரில், யூனிட் மருத்துவர் உடனிருக்கும்போது கேளுங்கள்.